கைபடாத விரதம்

"விரதம் முடியிற வரைக்கும் தள்ளியே இருங்க" என்று மனைவி சொன்னபோது மெக்கானிக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹால் சோபாவுக்குப் போனான்.

தொட முடியாதவன் பேச ஆரம்பித்தான். பட்டறையில் நடந்த கூத்தையெல்லாம் சோபாவிலிருந்து இவன் சொல்ல, அறைக்குள்ளிருந்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் கேட்டிராத சிரிப்பு.

இன்று ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த கொழுந்தியாள்தான் போட்டுடைத்தாள். "எங்க ரெண்டு பேர் விரதமும் போன வாரமே முடிஞ்சிருச்சே மாமா, அக்கா சொல்லலையா?"

வீட்டுக்கு வந்தவன் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான். "விரதம் எப்ப முடியுது?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "இன்னும் ஒரு வாரம் இருக்குங்க."

சோபாவில் தலையணையைத் தட்டிப் போட்டான் மெக்கானிக்.

"ஒரு வாரம் போதுமா?"