வலது கால்

“சோபாவில உட்கார்ந்தாலும் இவர் வலது கால் பிரேக்கை மிதிக்குதும்மா. கீழே விரிச்சிருக்கிற பாயே தேஞ்சுபோச்சு,” என்றாள் மனைவி, பக்கத்தில் இருந்த கணவரைக் காட்டி.

எதிரில் இருந்தவர் உடல்வழியாக மனக்காயத்துக்குச் சிகிச்சை தருபவர். “இதுக்கு முன்னாடி எங்கே பார்த்தீங்க?”

“பேசியே குணப்படுத்தற டாக்டர்கிட்ட போனோம். விபத்தைத் தவிர மத்ததெல்லாம் இவர் பேசினார். கடைசியில அந்த டாக்டர் தன் வீட்டுக் கதையை இவர்கிட்ட சொல்லிட்டிருந்தார். அப்புறம் மாத்திரை. தூக்கம் வந்துச்சு, தூக்கத்துலயும் கால் மிதிக்குது. அந்த விபத்துல எங்க பொண்ணு கார்லயே உயிரை விட்ட அன்னிலேர்ந்து இப்படித்தான். கடவுளே, இவராவது எனக்கு மிஞ்சணும்.”

“இங்கே நீங்க எதையும் சொல்ல வேண்டாம் சார்.” சிகிச்சையாளர் கணவரின் பாதத்துக்கு எதிரே, சுவரோரம் ஒரு தலையணையை வைத்தார். “அன்னிக்குக் கால் செய்ய நினைச்சதை இப்போ செஞ்சு முடிக்கட்டும். அழுத்துங்க.”

அவர் அழுத்தினார். தொடை நடுங்கியது. நெற்றி வியர்த்தது.

“இன்னும். வண்டி நிக்கற வரைக்கும் பிரேக்கை விடாதீங்க.”

“என் பக்கம் பிரேக்கே இல்லீங்களே!”

சொன்ன மறுகணம் வாயைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“ஓட்டினது நான்தாம்மா,” என்றாள் அவள் சிகிச்சையாளரிடம். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “என் மனசு நோகும்னுதான் இத்தனை நாளா வாயைக் கட்டி வச்சிருந்தீங்களா?”

அவள் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அது அங்கேயும் மிதித்தது. அவள் விடவில்லை.