ஒரே தலையை ஒன்பது பேருக்கு விற்றவன்

“என் தலையில இருக்கிற ஒவ்வொரு முடி மேலயும் சத்தியம் மாப்ள, இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது,” என்றார் விக் கடைக்காரர். சொல்லும்போது உள்ளங்கையைத் தலைமேல் பூப்போல வைத்து எடுத்தார்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய தங்கையின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. சொந்தக் கடை போடச் சேர்த்த பணம் மொத்தமும் இப்போது அவர் போனுக்குள் இருந்தது. அதன் பச்சைப் பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் பருந்துபோல வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

“சீக்கிரம் சொல்லுங்க மச்சான். மார்க்கெட் மூடிடும்.”

“முதல்ல நீங்க என்ன பண்ணப்போறீங்கன்னு சொல்லுங்க.”

“ஆப்ஷன் விக்கப்போறேன். ஒரு பங்கு என்ன விலைக்கு ஏறினாலும், மாசக் கடைசியில இன்ன விலைக்கே தர்றேன்னு வாக்குக் குடுக்கணும். அந்த வாக்குக்கே ஒருத்தன் பிரீமியம்னு பணம் குடுப்பான். விலை ஏறலைன்னா அவன் இந்தப் பக்கமே வரமாட்டான். பிரீமியம் நமக்கு. உக்காந்த எடத்துல காசு.”

“அந்தப் பங்கு உங்ககிட்ட இருக்கா?”

“அது எதுக்கு? வாக்கைத்தானே விக்கிறோம்.”

விக் கடைக்காரர் ஒரு விக்கின் சிக்கை நிதானமாக எடுத்தார். “அப்ப நீங்க கூந்தல்காரனைப் பார்த்ததில்ல.”

“யாரு அது?”

“ஒருநாள் இந்தக் கடைக்கு வந்தான். முடி இடுப்பு வரைக்கும். காத்தடிச்சா எதிர்க்கடை போர்டு மறையும். ‘மூணு மாசம் கழிச்சு, இன்னைக்கு விலைக்கே முடியை வெட்டித் தர்றேன், அந்த வாக்குக்கு இப்ப ஒரு சின்னத் தொகை குடு’ன்னான். குடுத்தேன். வெட்டச் சொல்ற உரிமை எனக்கு. வெட்டிக் குடுத்தே ஆகணும்கிற கட்டாயம் அவனுக்கு.”

“நம்ம ஆப்ஷனேதான்.”

“சாயங்காலமே அந்த உரிமையைக் கடிகாரக் கடைக்காரன் என்கிட்ட ரெண்டு மடங்கு விலைக்கு வாங்கினான். அவன்கிட்டேருந்து பல் டாக்டர் வாங்கினாரு. முடியை வெச்சு டாக்டர் என்ன பண்ணுவார்னு யாரும் கேக்கல, டாக்டரும் கேட்டுக்கல. தெருவுக்கே பைத்தியம் பிடிச்சுது. கூந்தல்காரன் நடந்தா நாலு பேர் குடை பிடிப்பாங்க. அவன் தும்மினா விலை இறங்கும். சலூன் பக்கம் திரும்பிப் பார்த்தான்னு ஒரு வதந்தி, ரெண்டு பேர் மயக்கம் போட்டு விழுந்தாங்க. அப்புறம் தெருவே சேர்ந்து சலூன்காரனுக்குச் சம்பளத்தோட லீவு குடுத்தது.”

“விலை ஏறிச்சா இல்லையா?”

“கெடு நாள் அன்னைக்குப் பத்து மடங்கு. டாக்டர் கத்தரிக்கோலோட வந்தாரு. பின்னாலயே பால்காரர். அவருக்குப் பின்னால பேங்க் மேனேஜர். மொத்தம் ஒன்பது கத்தரிக்கோல் வரிசையில நின்னுது. ஒரே தலையை ஒன்பது பேருக்கு வித்திருக்கான் மாப்ள.”

“அடப்பாவி. ஒருத்தருக்காவது முடி கெடைச்சுதா?”

“‘கத்தரி எதுக்குங்க’ன்னு கேட்டுட்டு, அப்படியே கழட்டி இந்த மேசையில வெச்சான். உள்ளே என் கடை லேபிள். எப்பவோ நாடகத்துக்குன்னு வாடகைக்கு எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தராத விக்கு.”

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “ஆனா மச்சான், ஒன்பது பேர்கிட்டயும் பிரீமியம் வாங்கிட்டானே. வித்தவன்தானே கெட்டிக்காரன்?”

கட்டைவிரல் மறுபடி இறங்கத் தொடங்கியது.

“தெரு விடுமா? வாக்குக் குடுத்தா குடுத்ததுதான். ஒன்பது பேருக்கும் முடியை அன்னைய விலைக்கு வாங்கியாவது குடுக்கணும். வாங்கின பிரீமியம் மொத்தமும் ஒரு மீசைக்குக்கூடப் பத்தல. வீடு போச்சு, வண்டி போச்சு. கடைசியா மாமனார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மாமனார், மாமியார், கொழுந்தியா, எல்லாரையும் வரிசையா உக்கார வெச்சு மழிச்சாங்க. அந்த வீட்டுக் குதிரைக்கு இன்னைக்கும் வால்ல முடி இல்ல.”

“மச்சானுங்களையுமா?”

“அவங்களைத்தான் முதல்ல. கடைசியா அவன் பொண்டாட்டி. மொட்டைத் தலையோட ஒரே ஒரு பார்வை பார்த்தா. அவ்வளவுதான். அப்புறம் அவன் சாப்பாட்டுல உப்புங்கிறதே கெடையாது.”

மாப்பிள்ளையின் கண்முன் மனைவியின் நீளப் பின்னல் வந்து ஆடியது. அந்தப் பார்வையும் வந்தது. அவர் போனில் ஏதோ தட்டினார். பொத்தானை அல்ல; பணம் மொத்தத்தையும் மனைவியின் கணக்குக்கு அனுப்பிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நல்ல நேரத்துல சொன்னீங்க மச்சான்.”

“நமக்குள்ள என்ன மாப்ள. உண்மையைச் சொன்னேன்.”

வண்டியருகே போன பிறகுதான் ஹெல்மெட் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தார். கடையின் கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேசைமேல் கிடந்த போனில் அவர் மனைவியின் குரல் கணீரென்று கேட்டது.

“அண்ணா, பணம் வந்துடுச்சு. நான் ஒரு வாரமாக் கெஞ்சியும் கேக்காத மனுஷன். அப்படி என்னதான் சொன்ன?”

“நடந்ததைச் சொன்னேம்மா. சத்தியம் பண்ணிட்டுத்தானே ஆரம்பிச்சேன்.”

மரத்தலை ஒன்றில் மாட்டியிருந்த தன் முடியை விக் கடைக்காரர் வாகெடுத்துச் சீவிக்கொண்டிருந்தார். மின்விசிறிக்கு நேர்கீழே பளபளத்த அவருடைய வழுக்கைத் தலையில், சத்தியம் பண்ண ஒரு முடிகூட இல்லை.