காற்றுப் பட்ட தகடு

திரையில் ஓடிய வரைபடத்தில், இருக்கவே கூடாத இடத்தில் ஒரு முகடு எழும்பிக்கொண்டிருந்தது.

"ஆக்சிஜன்," என்றார் துகள் முடுக்கி இயந்திரத்தை இயக்குபவர். "எவனோ கைவரிசையைக் காட்டியிருக்கான். தகடு இருந்த பெட்டியைத் திறந்திருக்காங்க, மேடம்."

சுவரோரம் நின்ற ஸ்டோர்க்காரி இடுப்பிலிருந்த சாவியை முந்தானைக்குள் மறைத்தாள்.

மெல்லிய கால்சியத் தகடு அது. காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டியில் வைத்து மூடியிருந்தார்கள். மூடியது அவள் கணவன். அவன் செய்த கடைசித் தகடு.

அவன் போன பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை இது. இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு புகார் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெட்டியைத் திறந்தது அவள்தான். போன வாரம், ஒரே ஒரு நிமிடம். முகத்தை உள்ளே தாழ்த்தியவள், பதறிப்போய் மூடிவிட்டாள்.

இங்கே எல்லோருக்கும் மேடமாக இருக்கும் விஞ்ஞானி, வீட்டில் அவளுக்கு அண்ணி. கணவனின் அக்கா. சாவுக்குப் பிறகு இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பேசினால் யாராவது ஒருவர் உடைந்துவிடுவோம் என்ற பயம்.

இந்தச் சோதனையைப் பற்றி அவன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தான். "புரோட்டானும் நியூட்ரானும் ஜோடியாப் போய் அணுக்கருவில மோதும். நியூட்ரான் அங்கேயே தங்கிடும். புரோட்டான் மட்டும் தனியா வெளிய வரும். அது வர்ற வேகத்தையும் திசையையும் பாத்தா, தங்கினது எந்த அறைக்குப் போச்சுன்னு சொல்லிடலாம்."

அன்று சிரித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பிய நாள் முதல், எதிரே வருபவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தன்னைப் பார்த்து யாராவது சொல்லமாட்டார்களா, அவன் எந்த அறையில் இருக்கிறான் என்று.

"தகடு வீண். நிறுத்திடவா, மேடம்?"

"அவசரப்படாதீங்கண்ணே. டிடெக்டரக் கொஞ்சம் திருப்பி வைங்க."

திருப்பினார்கள். ஆக்சிஜன் லேசான கரு. கோணம் மாறினால் அதன் முகடு சட்டென்று விலகிப்போகும். கால்சியத்தினுடையது அவ்வளவாக நகராது.

விலகியது. அதன் பின்னால் மறைந்து நின்ற சின்ன முகடு, அவர்கள் தேடிக்கொண்டிருந்த அதே முகடு, மெல்லத் தலைதூக்கியது. அவன் தகடு வீணாகவில்லை.

துடைக்க முடியாத கறையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதும் ஒரு கருணைதான்.

ஆனால் இயக்குபவர் விடுவதாக இல்லை. "புகார் எழுதியே ஆகணும். பெட்டிச் சாவி ரெண்டுதான். ஒண்ணு உங்ககிட்ட. இன்னொண்ணு..." அவர் பார்வை சுவர்ப்பக்கம் திரும்பியது.

கடவுளே, என்று அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"எழுதாதீங்க. நான்தான் திறந்தேன்," என்றாள் அண்ணி.

இயக்குபவர் பேனாவை மூடினார். "நீங்களே இப்படின்னா, நான் யாரைத் திட்டுறது?"

வெளியே வராந்தாவில் அவள் ஓடிப்போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகப் பொய் சொன்னீங்களே, அண்ணி."

அண்ணி ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"பொய்யா?"

பற்றியிருந்த கையை அண்ணி மெல்ல இறுக்கிக்கொண்டாள்.

"உனக்காவது அவன் வாசம் வந்துச்சா?"