பின் இருக்கை

குற்றாலம் சாலையில் ஸ்கூட்டரை மறித்த எஸ்.ஐ. பேராச்சி, ஓட்டிவந்த பெண்ணின் ஹெல்மெட்டுக்குள் செருகியிருந்த செல்போனை உருவினார்.

"பேரென்ன?"

"யோகலட்சுமி. ஃபைன் போட்டுக்கிடுங்க மேடம். லைனை மட்டும் கட் பண்ணிராதீங்க. துபாய்ல இருந்து வீட்டுக்காரர் பேசுதாவ."

பேராச்சிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போனைத் தன் காதில் வைத்தார்.

"ஏன் சார், பொண்டாட்டி வண்டி ஓட்டும்போது அப்படி என்ன பேச்சு? லாரியில அடிபட்டுச் செத்தா நீங்களா வந்து எழுப்புவீங்க?"

"தப்புதான் மேடம். இனி நடக்காது. நான் பாத்துக்கிடுதேன்."

சொன்னதும் கேட்டுக்கொண்டாரே என்று பேராச்சிக்குத் திருப்தி. அபராதம்கூடப் போடாமல் அனுப்பினார். யோகலட்சுமியின் முகம்தான் ஏனோ வெளுத்திருந்தது.

மறுவாரம் அதே ஸ்கூட்டர் வந்தது. பெரியவர் ஒருவர் ஓட்டினார். பின்னால் யோகலட்சுமி, காதில் போனோடு. பேராச்சி நிறுத்தினார்.

"உன் வண்டிதானம்மா? நீ ஓட்டலையா?"

அவள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"லைன்லயே இருந்தாத்தான் தனியா வேலைக்குப் போகலாம்னு சொல்லியிருந்தாவ மேடம். நீங்க சத்தம் போட்டதுக்கப்புறம் மாமனாரை அனுப்புதாவ."

மாமனார் லைசென்ஸை எடுத்து நீட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

பேராச்சி வழிவிட்டார். பின்னால் உட்கார்ந்து போன் பேசுகிறவளை மறிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.