நத்தை போட்ட நாற்பது

கம்ப்யூட்டரின் வேலை வரிசையைத் திறந்து பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நத்தை ஒரேயடியாக நாற்பது வேலைகளைப் போட்டு வைத்திருந்தார்.

ஆராய்ச்சிக்கூடத்துக்கே இருப்பது ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். யார் முதலில் வேலை கொடுக்கிறார்களோ அவர்களுடையதுதான் முதலில் ஓடும். அவளுடையது நாற்பத்தொன்றாவது. கட்டுரை அனுப்ப இருபது நாள்தான் பாக்கி. அது போகாவிட்டால் இந்த வருஷம் பட்டம் கிடையாது.

அவள் ஆராய்ச்சி ஒரு என்ஸைமைப் பற்றியது. ஓர் இடத்திலிருந்து சர்க்கரையைப் பிடுங்கி இன்னொன்றின் தலையில் கட்டுவதுதான் அதன் பிழைப்பு. சர்க்கரை உள்ளே வந்ததும் அதன் வாய்க்கு மேலிருக்கும் மூடி மூடிக்கொள்ளும் என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் அவள் மூன்று வருஷம் ஓட்டிப் பார்த்ததிலோ, மூடவே இல்லை. புதுக் கண்டுபிடிப்பு! கடைசியாக ஒரு தடவை ஓட்டிவிட்டால் எழுதி முடித்துவிடலாம்.

அவருக்கு நத்தை என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அவர் அவளுக்கு நாலு வருஷம் சீனியர். எதையும் ஐந்து தரம் சரிபார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார்.

நேரே அவர் மேசைக்குப் போனாள்.

"அண்ணா, நாப்பதும் வேணுமா? பாதியையாவது நிறுத்தக் கூடாதா?"

அவர் சட்டென்று திரையை மறைத்தார். "பத்து நாள் பொறுத்துக்கோம்மா. முடிஞ்சதும் சொல்றேன்."

"என்ன ஓட்டுறீங்க?"

"உறுதியாகட்டும்."

திரையை மறைத்ததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தும் மேடத்திடம் போய் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். வெளியாள் யாருக்கோ வேலை செய்து தருகிறாரோ என்னவோ என்றுகூடச் சொன்னாள். அதை அவளே நம்பவில்லை. அப்படிச் சொன்னால் காரியம் சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான்.

நடந்தது. மேடம் கூப்பிட்டுக் கேட்டபோதும் அவர் பிடிகொடுக்கவில்லையாம். மிச்ச வேலைகளை நிறுத்திவிட்டார்கள். மாதக் கடைசியில் அவர் ஒப்பந்தம் முடிந்தது, அதை நீட்டவில்லை. போகிற அன்று அவளிடம் ஏதோ சொல்ல வந்தார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கட்டுரை போனது. இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது.

பத்திரிகைக்காக அதைப் படித்துப் பார்த்த நிபுணர் நீட்டி முழக்கவில்லை. சர்க்கரையே தப்பு என்று எழுதியிருந்தார். மென்பொருளில் அந்த இரண்டு சர்க்கரைகளுக்கும் பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒன்றில் அடுத்ததோடு சேரும் பிணைப்பு கீழே பார்க்கும், மற்றதில் மேலே. முதல் நாளே எழுத்தை மாற்றி அடித்திருக்கிறாள். மூன்று வருஷம் தப்பான சர்க்கரையை வாயில் திணித்துவிட்டு, மூடவில்லை மூடவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

யாரிடம் கேட்பது? இந்த மாதிரிப் பிழையைத் தேடிப் பிடிக்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் விலாசத்தைத் தேடி மெயிலைக் கிளறியபோது, திறக்காமலே குப்பையில் தள்ளிய கடிதம் ஒன்று கிடைத்தது. அவள் கட்டுரை அனுப்புவதற்கு முந்தின நாள் வந்தது.

"உன் சர்க்கரை தப்போன்னு சந்தேகம்மா. மூணு வருஷ உழைப்பாச்சே, நிச்சயமாத் தெரியாம உன்னைப் பயமுறுத்த வேண்டாம்னுதான் சரியான சர்க்கரையைப் போட்டு நாப்பது தடவை ஓட்ட நினைச்சேன். நிறுத்துறதுக்குள்ள இருபத்தாறு முடிஞ்சுது. இருபத்தாறுலயும் மூடி மூடிக்கிச்சு. எல்லாத்தையும் இதோட அனுப்பியிருக்கேன். மேடம்கிட்ட நான் எதுவும் சொல்லலை, நீயே கண்டுபிடிச்சுத் திருத்தினதா சொல்லிக்கோ."