பொத்திய ரிசீவர்

கருத்துக்கணிப்புக்காக லண்டன் வீட்டுக்கு மாதம் ஒருமுறை அழைக்கும் தமிழ்ப் பிள்ளைக்குப் பவளராணியின் அபிப்பிராயம்தான் வேண்டும். ஆனால் போனை எடுப்பது எப்போதும் அவள் கணவர் குலசிங்கம். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, பிரதமர் எப்படி என்று குசினிப் பக்கம் திரும்பிக் கேட்பார். மீன் பொரியும் சத்தத்துக்கு மேலால் பதில் வரும்.

"இஞ்சேருங்கோ, உந்த ஆளை நம்பி ஒரு தேத்தண்ணி போடவும் விடேலாது."

அவருக்கோ அந்தப் பிரதமரைப் பிடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "சரியான மோசமாம், பிள்ளை" என்பார். அன்று சாப்பாடு முடியும்வரை சண்டைதான்.

அவள் காலமான பிறகும் அழைப்பு வந்தது. குலசிங்கம் விஷயத்தைச் சொல்லவில்லை. ரிசீவரைப் பொத்தினார், அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார், "சரியான மோசமாம்" என்றார். மாதாமாதம் தன் கட்சிக்கு எதிராக அப்படியே சொல்லிவந்தார்.

இந்த மாதம் பிள்ளை வேறொரு பெயரைச் சொன்னாள். போன கிழமைதான் எதிர்க்கட்சிக்கு வந்த புதுத் தலைவர். பவளராணி அவர் முகத்தையே கண்டதில்லை.

குலசிங்கம் ரிசீவரைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"அன்ரி யோசிக்கிறாவோ, அங்கிள்?" விரல்களுக்கிடையால் குரல் கேட்டது. "அவசரமில்லை. ஆறுதலாச் சொல்லட்டும்."