கடைசி வரிசைக்காரன்

மெக்கானிக்கின் முதல் குத்து வயிற்றில் விழுந்தது, இரண்டாவது விலாவில். தியேட்டரின் கடைசி வரிசையில் இருந்த ஆளைச் சட்டையோடு இழுத்து வந்து கழிப்பறைச் சுவரில் சாத்தியிருந்தான்.

பின்னே என்ன? மதியக் காட்சி தொடங்கியதிலிருந்து அந்த ஆளுக்கு வாய் ஓயவில்லை. காதை மூடின குல்லா, மூக்கு வரை மப்ளர், அதற்குள்ளிருந்தே வசவு.

திரையில் தலைவர் சுருட்டை முடி நெற்றியில் புரள, முறுக்கு மீசை நனைய, தாயின் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். தியேட்டரே மூக்கைச் சிந்தியது.

"இது அழுகையாடா? பொணத்துக்கே சிரிப்பு வரும். தூ" என்றது மப்ளர். சொல்லிவிட்டுத் தன் கன்னத்திலேயே பளார் பளாரென்று அறைந்துகொண்டது.

மெக்கானிக்குக்கு ரத்தம் கொதித்தது. நாளைக்கு அவனுடைய புதுப் பட்டறை திறப்பு. பெண்டாட்டியின் வளையல்களை விழுங்கின பட்டறை. திறந்து வைக்கத் தலைவரே வருகிறார். அவர் முகம் காட்டினால்தான் நாலு வண்டி உள்ளே வரும். கூட்டம் கூடிவிடும், மூச்சு விடாதே என்று தலைவரின் மேனேஜர் போனில் சொன்னதால் பெண்டாட்டிக்குக்கூட அவன் சொல்லவில்லை. ஊரில் எவனை நம்புவது?

"யாருடா உன்னை ஏவி விட்டது?"

"யாருமில்லை. அந்தப் பயலுக்கு அழத் தெரியலை, அவ்வளவுதான்."

மூன்றாவது குத்தில் உதடு கிழிந்தது. சுவரின் வெள்ளை டைல்ஸில் ரத்தம் தெறித்தது. அந்த ஆள் கையைத் தூக்கவே இல்லை.

"அடிங்க. தகும்."

"கொழுப்பைப் பாருண்ணே" என்றான் கூட வந்த வெல்டர். "டேய், இவரு யாருன்னு தெரியுமா? மேம்பாலத்துக்குக் கீழ புதுப் பட்டறை போட்டிருக்காருல்ல, அவரு. இரும்பையே வளைக்கிற கை."

நாலாவது குத்து கண்ணுக்குக் கீழே. மப்ளர் அவிழ்ந்தது, குல்லா உருண்டது. செம்பைக் கவிழ்த்த மாதிரி வழுக்கை, மீசையில்லாத மூஞ்சி.

"இந்த அழகுக்குத்தான் எங்க தலைவரைக் குறை சொல்ல வந்தியா?" என்று சிரித்தான் வெல்டர்.

அந்த ஆள் கை கழுவும் தொட்டியில் ரத்தத்தைத் துப்பினார். வீங்குகிற கண்ணைக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினார்.

"தம்பி, நாளைக்கு உங்க பட்டறையைத் திறக்க இந்த மூஞ்சியோட வந்தா பரவாயில்லையா?"